குளத்துத் தண்ணீருக்கு ஒரு வழக்கு!
பத்து ஆண்டுகள் கோர்ட்டில் நின்று வென்ற டாக்டர் அம்பேத்கார்

சேலத்தில் இருந்து விருத்தாசலம் போகும் ரெயில் பாதையில் சின்னசேலம் ஒரு சிறிய ஸ்டேஷன். தூரத்தில் கல்வராயன் மலை தெரியும். சித்திரை வெயிலில் அங்கே ரெயிலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் ஊருக்குப் போகும் வழியைப் பற்றி நினைப்பு வரும்.

ஏறக்குறைய அப்படிப்பட்ட ஒரு சின்ன ஸ்டேஷனில், 1901-ம் ஆண்டில், நான்கு சிறுவர்கள் வந்து இறங்கினார்கள். மராட்டியத்தில் சதாரா பக்கத்தில் உள்ள அந்த ஸ்டேஷனின் பெயர் மசூர். சிறுவர்களில் ஒருவனுக்கு சுமார் பத்து வயது. புதுச்சட்டை, சரிகைத் தொப்பி என்று நன்றாக உடுத்தி இருந்தான். பெயர் பீமன்.

பிற்காலத்தில் இந்தியாவின் அரசியல் சட்டத்தை எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் பீமராவ் அம்பேத்கார்தான் அந்தச் சிறுவன்.

வண்டிப் பயணம்

பீமனின் தந்தை ராம்ஜி சக்பால் பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர். சுபேதார் பதவி வகித்தவர். அப்போது கோரேகாவ் என்ற ஊரில் காசாளர் வேலை பார்த்துவந்தார். பஞ்ச காலம் அது. பட்டினி கிடந்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக சர்க்கார் அங்கே ஒரு குளம் வெட்டிக்கொண்டு இருந்தது. குளம் வெட்டும் கூலிகளுக்குப் பணம் பட்டுவாடா செய்வதுதான் ராம்ஜியின் வேலை. அந்தத் தந்தையைப் பார்க்கப் புறப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வழியில் ஒரு வாய் தண்ணீர் கிடைக்கவில்லை!

தாங்கள் வருவதாகப் பிள்ளைகள் முன்கூட்டியே கடிதம் எழுதி இருந்தார்கள். கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. மாலை நேரம். ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடு வந்து விசாரித்தார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகள், யாரோ பெரிய வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தார். தாங்கள் மகார் சாதி என்று சிறுவர்கள் உண்மையைச் சொன்னார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

வெளியே மாட்டு வண்டிகள் நின்றன. எந்த வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. இரட்டிப்பு வாடகை தருவதாகச் சொல்லியும் பயன் இல்லை. கடைசியில் ஒருவன் ஒப்புக்கொண்டான். ஆனால் ஒரு நிபந்தனை. வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும். அவன் பக்கத்தில் நடந்து வருவான். தீண்டாதவர்களுக்கு வண்டி ஓட்டினான் என்ற பேர் வரக்கூடாது அல்லவா? வாடகைப் பணத்துக்கு மட்டும் தீட்டு இல்லை!

இருட்டிவிட்டது. கையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியில் இருந்த ஓடையில் சேறும் சாணியும் கலந்து கிடந்தது. நடுநிசியில் ஒரு சுங்கச் சாவடி வந்தது. அங்கே உள்ளவரிடம் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லித் தண்ணீர் கேட்கும்படி வண்டிக்காரன் யோசனை சொன்னான். அப்படியே கேட்டார்கள். சுங்கக்காரர் அதையும் நம்பவில்லை. உங்களுக்காக யார் இங்கே தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று விரட்டினார். சாப்பாட்டுக் கூடை பக்கத்தில் இருக்க, நான்கு பிள்ளைகளும் பட்டினியாகப் படுத்துத் தூங்கினார்கள்.

தண்ணீர் மறுக்கப்படுவது பீமனுக்குப் புதிது அல்ல. பள்ளிக்கூடத்தில் அவன் உட்காருவதற்குக் கோணித்துணியை வீட்டில் இருந்தே கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் பானையை அவன் தொடக்கூடாது. பள்ளிச் சேவகன் உயரத் தூக்கி ஊற்றினால் குடிக்கலாம். சேவகன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

பாரிஸ்டர் ஆனார்

அம்பேத்கார் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி மத்திய இந்தியாவில் உள்ள மௌ என்ற பட்டாள ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பதினான்காவது குழந்தை. சிறு வயதிலேயே தாய் பீமாபாய் இறந்துபோனார்.

அவருடைய படிப்பைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். 1907-ல் மெட்ரிகுலேஷன். 1912-ல் பி.ஏ. பரோடா மகாராஜா கொடுத்த உதவிப் பணத்தில் 1913-ல் அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1916-ல் லண்டன் போனார். மகாராஜா கொடுத்த கெடு முடிந்ததால் 1917-ல் பாதிப் படிப்பில் திரும்பி வந்தார்.

முதல் உலகப்போர் நடந்த சமயம் அது. அவர் வேறு கப்பலில் அனுப்பிய பெட்டிகள் எதிரியின் தாக்குதலில் கப்பலோடு கடலில் மூழ்கிவிட்டன. பெட்டிகளை இழந்ததற்கு நஷ்டஈடாக 600 ரூபாய் கிடைத்தது. அதில் ஒரு பங்கை வீட்டுச் செலவுக்கு மனைவி ரமாபாயிடம் கொடுத்தார். மீதியை எடுத்துக்கொண்டுதான் வேலையில் சேர பரோடாவுக்கு ரெயில் ஏறினார். சரக்கு மூழ்கினால் பணம் தருவதற்கு ஏற்பாடு இருந்தது. அடுத்து பரோடாவில் அவருக்கு நேர்ந்த அவமானத்துக்கு எந்தக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும்?

பரோடாவில் யாரும் அவருக்குத் தங்க இடம் கொடுக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள், தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நண்பர்கள் இருவரிடம் போய்க் கேட்டார். இருவருமே ஏதோ சாக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் பட்டம் பெற்ற அந்த அறிஞர் ஊர்ப் பூங்காவில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். இரவு ரெயிலில் பம்பாய் திரும்பினார்.

பிறகு கல்லூரியில் பேராசிரியர் வேலை, அதில் சேர்த்த பணத்தோடு மறுபடியும் லண்டன், பாரிஸ்டர் பட்டம், பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம். 1923-ல் பம்பாய் ஐகோர்ட்டில் வக்கீல் தொழில் தொடங்கினார். தீண்டப்படாத வக்கீலிடம் வழக்கு கொடுக்க வருகிறவர்கள் குறைவு. கணக்கியல் கற்றுக்கொடுக்கும் ஒரு நிலையத்தில் வியாபாரச் சட்டப் பாடம் நடத்தி குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அந்தச் சட்டப் படிப்பு முழுவதும் ஒரு குளத்துக்காகப் பயன்படும் காலம் வந்தது.

சவுதார் குளம்

பம்பாய் மாகாணத்தில், கொலாபா ஜில்லாவில் மகாத் என்று ஓர் ஊர். ஊர் நடுவே பெரிய குளம். அதன் பெயர் சவுதார் குளம். ருசியான தண்ணீர் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். சாதி இந்துக்கள் அதில் தண்ணீர் எடுத்தார்கள். முஸ்லிம்கள் எடுத்தார்கள். ஆடு மாடுகள் இறங்கிக் குடித்தன. தாழ்த்தப்பட்டவர்கள் மட்டும் இறங்கக்கூடாது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1923-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி பம்பாய் சட்டசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொதுப் பணத்தில் நடக்கும் குளம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் தீண்டப்படாத மக்களுக்கும் உண்டு என்பது தீர்மானம். கொண்டுவந்தவர் எஸ்.கே.போலே. அதைப் பின்பற்றி மகாத் நகரசபையும் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924-ல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்தில் இறங்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

1927-ம் ஆண்டு மார்ச் 19, 20 தேதிகளில் தாழ்த்தப்பட்ட மக்களின் மாநாடு மகாத்தில் கூடியது. ஆயிரக்கணக்கான பேர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே! பக்கத்திலேயே குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் மாநாட்டுக்காரர்கள் சாதி இந்துக்களிடம் 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள். அந்தக் காலத்து 40 ரூபாய் சின்னத் தொகை அல்ல.

இரண்டாம் நாள், மாநாட்டுக்கு வந்தவர்கள் வரிசையாகக் குளத்துக்குப் புறப்பட்டார்கள். முன்னால் அம்பேத்கார் நடந்தார். படியில் இறங்கினார். கையால் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்களும் குடித்தார்கள். மாநாட்டுப் பந்தலுக்கு அமைதியாகத் திரும்பினார்கள்.

சிறிது நேரத்தில், அவர்கள் வீரேசுவரர் கோவிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று யாரோ புரளி கிளப்பினார்கள். தடிகளோடு கூட்டம் பாய்ந்தது. பந்தலில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர்களை அடித்து நொறுக்கியது. சோற்றை மண்ணில் கொட்டியது. பலர் முஸ்லிம்களின் வீடுகளில் புகுந்து உயிர் தப்பினார்கள். தாழ்த்தப்பட்டவர்களில் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் நிறையப் பேர். அம்பேத்கார் ஒரு சொல் சொல்லி இருந்தால் அன்று மகாத்தில் ரத்த ஆறு ஓடி இருக்கும். திருப்பி அடிக்கக்கூடாது என்று அவர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்.

குளத்துக்குப் பிராயச்சித்தமும் நடந்தது! 108 குடம் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். பால், தயிர், சாணம், கோமியம் எல்லாம் கலந்து குடங்களில் நிரப்பி, மந்திரம் சொல்லிக் குளத்தில் முக்கினார்கள். தீட்டுப் போய்விட்டது என்றார்கள். மனிதன் குடித்தால் தீட்டு, சாணம் கலந்தால் சுத்தம்! அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நகரசபையும் பழைய தீர்மானத்தை ரத்து செய்துவிட்டது.

கோர்ட்டுக்குப் போனார்கள்

அம்பேத்கார் விடவில்லை. டிசம்பர் 25-ந் தேதி மறுபடியும் மகாத்தில் கூடி, குளத்தில் தண்ணீர் எடுப்பது என்று முடிவு செய்தார்.

எதிர்த்தரப்பார் இந்தத் தடவை தடியை எடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். அம்பேத்கார் மீதும் அவருடைய தோழர்கள் மீதும் டிசம்பர் 12-ந் தேதி மகாத் கோர்ட்டில் சிவில் வழக்கு தாக்கல் ஆனது. குளம் சர்க்காருக்கோ நகரசபைக்கோ சொந்தம் அல்ல, தனியார் சொத்து என்பது அவர்களுடைய முதல் வாதம். தீண்டாதவர்கள் அதில் தண்ணீர் எடுக்காமல் இருப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம், ஆகவே அவர்களைத் தடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்பது இரண்டாவது வாதம். 14-ந் தேதி தற்காலிகத் தடை உத்தரவு கிடைத்துவிட்டது.

அம்பேத்கார் கப்பலில் தாஸ்காவ் வந்து, அங்கிருந்து ஐந்து மைல் நடந்தே மகாத் போய்ச் சேர்ந்தார். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் காத்து இருந்தார்கள். மாநாட்டுக்கு இடம் கொடுக்க இந்துக்களில் யாரும் முன்வராததால், ஒரு முஸ்லிம் பெரியவரின் நிலத்தில் பந்தல் போட்டு இருந்தது. உயிர் போனாலும் குளத்தில் இறங்குவோம் என்று தொண்டர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். கலெக்டரே மாநாட்டுக்கு வந்து, கோர்ட்டு உத்தரவை மீற வேண்டாம் என்று பேசினார்.

அம்பேத்காருக்கு அது பெரிய சோதனை. பின்வாங்கினால் கோழை என்பார்கள். இறங்கினால் சர்க்காரும் கோர்ட்டும் எதிரி ஆகிவிடும். சாதி இந்துக்களோடு மோதும் ஏழை மக்கள் சட்டத்தையும் பகைத்துக்கொண்டால் அவர்களுக்கு யார் துணை? இரவெல்லாம் யோசித்தார். கொதித்துக்கொண்டு இருந்த கூட்டத்திடம், கோர்ட்டில் ஜெயித்த பிறகு இறங்கலாம் என்று எடுத்துச் சொன்னார். மக்கள் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்தார்கள். ஒருவர்கூடத் தண்ணீரைத் தொடவில்லை. மனு நூலைத் தீயில் இட்டதும் அந்த மாநாட்டில்தான். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சகஸ்ரபுத்தே என்ற பிராமணர்! மகாத் நகரசபைத் தலைவர் திப்னிசும் சாதி இந்துதான். அவரும் அம்பேத்கார் பக்கம் நின்றார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்து ஆண்டு வாய்தா

வழக்கு என்றால் வாய்தா. நம் ஊரில் ஒரு வரப்புத் தகராறுக்கே தாத்தா போட்ட வழக்கைப் பேரன் நடத்துவது உண்டு. குளத்து வழக்கும் இழுத்தது.

1928-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி தடை உத்தரவு ரத்து ஆனது. ஆனால் மூல வழக்கு நடந்துகொண்டே இருந்தது. பழைய தஸ்தாவேஜுகளைத் தேடிப் பிடித்து, குளம் தனியார் சொத்து அல்ல என்று எதிர்வாதம் செய்தார் அம்பேத்கார். 1931-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி மகாத் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்தரப்பார் அப்பீல் செய்தார்கள். 1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி தாணா கோர்ட்டில் அப்பீல் தள்ளுபடி. அதன் பிறகும் விடாமல் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

இதற்கு இடையில் நாட்டில் எவ்வளவோ நடந்துவிட்டது. லண்டன் வட்டமேஜை மாநாடு நடந்தது. 1932-ல் காந்தியடிகளோடு பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அம்பேத்கார் சட்டக் கல்லூரியின் தலைவர் ஆனார். 1935-ல் மனைவி ரமாபாயை இழந்தார். குளத்து வழக்கு மட்டும் முடியவில்லை.

ஐகோர்ட்டில் விசாரித்தவர்கள் நீதிபதி புரூம்பீல்டும், நீதிபதி வாடியாவும். புரூம்பீல்டு என்ற பெயர் பலருக்கு நினைவு இருக்கலாம். 1922-ல் ஆமதாபாத்தில் காந்தியடிகளுக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதித்த வெள்ளைக்கார நீதிபதி அவர்தான். அதே கையெழுத்துதான் இந்தத் தீர்ப்பின் அடியிலும் விழுந்தது.

வழக்கின் முடிச்சு ஒரே ஒரு கேள்வியில் இருந்தது. வழக்கம் என்றால் என்ன? எங்கள் அப்பா காலத்தில் இருந்து இப்படித்தான் என்று சொன்னால் ஊர்ப் பஞ்சாயத்தில் போதும். கோர்ட்டுக்குப் போதாது. நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு இருந்துவருகிறது என்று நிரூபிக்க வேண்டும். நகரசபை ஏற்படுவதற்கு முன்னால் அந்தக் குளத்தில் இறங்கிய தீண்டாதவர்களை யாராவது தடுத்தார்களா? அதற்குச் சாட்சி இல்லை. குளத்தைச் சுற்றிச் சாதி இந்துக்களின் வீடுகள் எழும்புவதற்கு முன்னால், தண்ணீரை ஒரு சாராருக்கு மட்டும் என்று காவல் காத்து இருப்பார்களா? அதுவும் சந்தேகம். தவிர, முஸ்லிம்களும் புழங்கும் குளம் அது. கோவில் திருக்குளம் அல்ல. அதில் தீட்டு என்ற பேச்சு எப்படி எடுபடும்?

1937-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. அப்பீல் தள்ளுபடி! தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் குளத்தில் தண்ணீர் எடுப்பதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அம்பேத்கார் குளத்தில் கை வைத்த நாளில் இருந்து கணக்கிட்டால், பத்து ஆண்டுகள் நிறைய மூன்றே நாள் பாக்கி.

ஒன்று கவனிக்க வேண்டும். வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றுதான் ஜெயித்தது. அப்படிப்பட்ட வழக்கமே கூடாது என்று ஐகோர்ட்டு சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அன்றைக்குச் சட்டம் இல்லை. வேறு ஓர் ஊரில், வேறு ஒரு குளத்தில், நூறு கிழவர்கள் வந்து சாட்சி சொல்லி இருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி போய் இருக்கலாம். அம்பேத்கார் பெரிய வக்கீல். அந்த ஓட்டை அவர் கண்ணுக்குத் தப்பி இருக்காது.

உயிருக்கு இன்சூரன்ஸ்

1947-ம் ஆண்டு. சுதந்திரம் வரப்போகும் நேரம். அரசியல் சட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அம்பேத்கார் ஒரு நீண்ட மனு எழுதினார். அதில் தீண்டாமையைப் பற்றி எழுதியது வியப்பு அல்ல. இன்சூரன்ஸ் பற்றியும் எழுதினார்!

ஆயுள் இன்சூரன்ஸ் நம் நாட்டுக்கு வெள்ளைக்காரர்களோடு வந்தது. சென்னையில் 1829-லேயே ஒரு கம்பெனி ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் முதலில் இந்தியர்களைச் சேர்க்கவே இல்லை. பிறகு சேர்த்தபோதும், இந்தியன் உயிர் நீடிக்காத உயிர் என்று கூடுதல் பிரிமியம் வசூலித்தார்கள். ஒரே வயது, ஒரே உடல்நலம்; ஆனால் தோலின் நிறத்துக்குத் தகுந்தபடி கட்டணம்! 1870-களில் பம்பாயில் இந்தியர்கள் தாங்களே ஒரு கம்பெனி தொடங்கி, இந்திய உயிருக்கும் சாதாரணக் கட்டணமே போதும் என்று வாங்கினார்கள். நிற பேதம் போயிற்று. ஆனாலும் இன்சூரன்ஸ் என்பது மாதச் சம்பளக்காரர் வாசலோடு நின்றது. கூலிக்காரன் குடிசைக்கு எந்த ஏஜெண்டு வருவான்?

இன்சூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் மட்டுமே நடத்த வேண்டும். வயது வந்த ஒவ்வொருவரும் தங்கள் சம்பளத்துக்குத் தக்கபடி பாலிசி எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அம்பேத்கார் மனுவில் கேட்டார். தனியார் கம்பெனி கவிழ்ந்தால் ஏழையின் பணம் போய்விடும். சர்க்கார் பொறுப்பு ஏற்றால் பணத்துக்குப் பயம் இல்லை. சேரும் பணமும் நாட்டின் தொழில் வளர்ச்சிக்குப் பயன்படும். பொருளாதாரம் படித்தவரின் கணக்கு அது.

மனுவில் கேட்டது அரசியல் சட்டத்தில் ஏறவில்லை. ஆனால் குளம் ஏறியது! 1947-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி ஏற்பட்ட சட்ட வரைவுக் குழுவுக்கு அம்பேத்கார் தலைவர் ஆனார். 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவைப் புரட்டிப் பார்த்தால், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று ஒவ்வொன்றாக எழுதி இருக்கும். சர்க்கார் பணத்தில் பராமரிக்கப்படும் இவற்றைச் சாதியைக் காட்டி யாருக்கும் மறுக்கக்கூடாது. 17-வது பிரிவில் தீண்டாமையே ஒழிந்தது. மகாத் வழக்கில் இருந்த ஓட்டை அங்கே அடைபட்டது. எத்தனை நூறு ஆண்டு வழக்கம் என்று யார் சாட்சி சொன்னாலும் இனிச் செல்லாது.

கல்வராயன் மலை கிராமத்துக் கிணற்றுக்கும், சின்னசேலம் தெருக்குழாய்க்கும் அதே பிரிவுதான்.

இன்சூரன்ஸ் விஷயம் ஆறு ஆண்டு கழித்து நடந்தது. 1956-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனிகளைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. நிதி மந்திரி தேஷ்முக் ரேடியோவில் அதை அறிவித்தார். அம்பேத்கார் அப்போது மந்திரி அல்ல. 1951-லேயே பதவியை விட்டுவிட்டார். 245 கம்பெனிகள் ஒன்றாகி, செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. எல்லோருக்கும் கட்டாயப் பாலிசி என்ற பகுதி மட்டும் வரவில்லை.

அடுத்த மாதம், அக்டோபர் 14-ந் தேதி, நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கார் புத்த மதத்தைத் தழுவினார். நீரிழிவு நோய் அவரை உருக்கிக்கொண்டு இருந்தது. டிசம்பர் 6-ந் தேதி டெல்லியில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. உடலை விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்து, தாதர் கடற்கரையில் தகனம் செய்தார்கள்.

மகாத் ஊரில் சவுதார் குளம் இருக்கிறது. கரையில் அம்பேத்கார் சிலை நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20-ந் தேதி, பஸ்ஸிலும் லாரியிலும் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கும் மக்கள், படியில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளுகிறார்கள்.